சமூக அறிவியல் படிக்கும் மாணவருக்கு எந்த இணையதளம் உதவும், எது நேரத்தைத் தின்னும்?

சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் குடவோலைத் தேர்தலில் நிற்க என்ன வயது வேண்டும்? இணையத்தில் தேடினால் ஒரு தளம் 30 முதல் 60 என்கும், இன்னொன்று 35 முதல் 70 என்கும். மாணவர் குழம்பி, எது முதலில் வந்ததோ அதை நோட்டில் எழுதிக்கொள்வார். உண்மையில் இரண்டுமே கல்வெட்டில் உள்ளவைதான். சோழ அரசன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 919) முதல் கணக்கைச் சொல்கிறது; இரண்டு ஆண்டு கழித்து, 14ஆம் ஆட்சியாண்டில் (921) விதியைத் திருத்தியபோது வயது 35–70 ஆனது. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பழைய 7ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இரண்டாவதை மட்டும் தருகிறது. இரண்டு கல்வெட்டு இருக்கிறது என்ற ஒரு வரியைச் சொல்லாத தளத்தில் எத்தனை வண்ணப் படம் இருந்தாலும் மாணவருக்குப் பயனில்லை.

இந்த மதிப்பீட்டுக்கு அதையே அளவுகோலாக வைத்திருக்கிறோம். பாடநூலில் உள்ள ஒரு வரி எதை நம்பி எழுதப்பட்டதோ, அந்தக் கல்வெட்டுக்கோ வரைபடத்துக்கோ கணக்கெடுப்பு அட்டவணைக்கோ ஒரு தளம் பத்து நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா? சேர்த்தால் நல்ல தளம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 6 முதல் 10 வரை படிப்பவர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். இங்கே சொல்லும் தளங்களில் எதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

தொடங்க வேண்டிய இடம் தமிழ்நாடு அரசின் பாடநூல் தளம்தான். வகுப்பு, பயிற்றுமொழி, பாடம் என்று தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப் இறங்கும். 10ஆம் வகுப்பு சமூக அறிவியல் இரண்டு தொகுதி. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் இரண்டிலும் பிரிந்து கிடக்கும். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு “பாதிப் பாடம் காணோம்” என்று தேடுகிறவர்கள் நிறைய. இறக்கியதும் உள்பக்கத்தில் ‘முதல் பதிப்பு’, ‘திருத்திய பதிப்பு’ என்று ஆண்டு போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கோப்புகள் பெரும்பாலும் பழைய பதிப்பு. திருத்திய எண்ணும் மாற்றிய பத்தியும் அவற்றில் இருக்காது. இன்னொரு சிக்கல்: பல தமிழ்வழி பிடிஎஃப்கள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் உருவானவை. உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று வரும்; நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள் விழும். கோப்பில் குறை இருப்பதாக நினைத்து மறுபடி இறக்க வேண்டாம். தேவையான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும். கூட்டெழுத்திலும் எண்களிலும் தவறு விழும், ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

பாடநூலில் அச்சாகியிருக்கும் கியூஆர் கோடுகளைப் பலர் தொடுவதே இல்லை. அவை திக்‌ஷா தளத்துக்குப் போகும். 2017இல் மத்திய அரசு தொடங்கிய தளம் இது. செயலியைத் திறந்ததும் வாரியம் ‘தமிழ்நாடு’, பயிற்றுமொழி, வகுப்பு மூன்றையும் சரியாக வையுங்கள். இல்லாவிட்டால் வேறு வாரியத்துப் பாடம் வந்து நிற்கும். ஜெராக்ஸ் போட்ட புத்தகத்தில் கோடு மங்கிவிடும், கேமரா படிக்காது. அப்போது கோட்டோடு அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து-எண் குறியைக் கையால் அடித்தால் அதே பாடம் திறக்கும். காணொளியை வைஃபை உள்ள இடத்தில் செயலிக்குள் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமல் பார்க்கலாம். தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புவியியலுக்கு அசைபடங்கள் நன்றாக உதவுகின்றன. பருவக்காற்று ஏன் திசை மாறுகிறது என்பது அச்சுப் படத்தைவிட அதில் தெளிவு. வரலாற்றுக்குச் சில காணொளிகள் பாடநூலை வாய்விட்டுப் படிப்பதோடு சரி.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடக்கின்றன. தேடும்போது வகுப்போடு அலகின் பெயரையும் சேர்த்து அடியுங்கள்: ‘பத்தாம் வகுப்பு தேசியம் காந்திய காலகட்டம்’ என்பதுபோல. ‘அலகு 8’ என்று எண்ணை மட்டும் கொடுத்தால் புவியியலும் வரலாறும் கலந்து வரும். வகுப்புக்குப் போக முடியாமல்போன நாளுக்கு இது நல்ல துணை. அதற்கு மேல் இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

என்சிஇஆர்டி தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கிறது. ஆங்கிலவழி மாணவருக்கும், பிறகு போட்டித் தேர்வு எழுத நினைப்பவருக்கும் இது அவசியம். ஒரு எச்சரிக்கை: 2022இல் பாடக்குறைப்பு அறிவித்து, 2023–24க்கான புத்தகங்களில் பல பகுதிகளை நீக்கினார்கள். 2024 முதல் சில வகுப்புகளுக்கு முற்றிலும் புதிய நூல்கள் வருகின்றன. ஒரே வகுப்புக்கு மூன்று தலைமுறைப் புத்தகம் இணையத்தில் உலவுகிறது என்று பொருள். தேர்வுக்கு நடப்பு நூல். விஷயம் தெரிந்துகொள்ளப் பழைய நூலையும் தாராளமாகப் படிக்கலாம்.

அடுத்து, தேடலில் முதல் பத்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும் ‘புக் பேக் ஆன்சர்’, ‘கொஸ்டின் பேங்க்’ தளங்கள். இவற்றில் முந்தைய ஆண்டு வினாத்தாள்களுக்கு மட்டும் மதிப்புண்டு. அதுவும் அரசுத் தேர்வு வினாத்தாளின் ஸ்கேன் பிரதியாக இருந்தால். தட்டச்சு செய்த விடைகளை ஒரு தளம் இன்னொன்றிலிருந்து எடுக்கிறது. ஒரு தவறு பத்து இடத்தில் அப்படியே இருக்கும். பத்துத் தளம் ஒரே விடை சொல்வதைப் பத்துச் சாட்சியாக எண்ணிவிட வேண்டாம்.

இனி மூலங்கள். இங்கேதான் இணையம் பள்ளி நூலகத்தால் முடியாததைச் செய்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் பழைய தொகுதிகள் ஸ்கேனாக உள்ளன. 1890இல் முதல் தொகுதி வந்த வரிசை அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கோயிலுக்குத் தந்தவற்றைப் பட்டியலிடத் தொடங்கும் ராஜராஜனின் ஆணையில் ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்’ என்று வரும் வரியை 8ஆம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசன் ‘குடுத்தன’ என்று நாம் பேசுவதுபோலவே வெட்டிவைத்திருக்கிறான் என்று பார்க்கும் அந்தக் கணத்துக்கு ஈடாக எந்தக் காணொளியும் இல்லை.

தேடும் முறைதான் பலருக்குத் தடுமாற்றம். இந்தத் தளத்தில் தமிழில் அடித்தால் பழைய நூல்கள் அகப்படுவது அரிது. ஆங்கில எழுத்தில், அதுவும் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்: தஞ்சாவூருக்கு ‘டாஞ்சூர்’, திருச்சிக்கு ‘டிரிச்சினாபொலி’, திருநெல்வேலிக்கு ‘டின்னவெல்லி’, தூத்துக்குடிக்கு ‘டூட்டிகோரின்’. உத்திரமேரூர் பழைய அறிக்கைகளில் ‘உத்தரமல்லூர்’ என்றும் வரும். நூல் அகப்பட்டதும் முழுவதையும் இறக்காதீர்கள். பக்கத்தைப் பார்க்கும் சாளரத்திலேயே உள்தேடல் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகளில் அது நன்றாக வேலை செய்யும். தமிழ், கிரந்த எழுத்துப் பகுதிகளில் செய்யாது.

தமிழில் தேட வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய இதழ்கள், நாட்டுடைமை நூல்கள், சுவடிகள் என்று களஞ்சியம் பெரிது. தமிழ்த் தலைப்பிலேயே தேடலாம். படப் பக்கங்களாகத் திறப்பதால் போனில் மெதுவாக நகரும், கணினியில் பார்ப்பதே நல்லது. சங்க இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகப் பார்க்க மதுரைத் திட்டம் போதும். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் தொகுப்பு, யூனிகோடில் இருப்பதால் சொல் தேடல் வேலை செய்கிறது. பூம்புகார்த் துறைமுகம் பற்றிப் படிக்கும்போது பட்டினப்பாலையைத் திறந்து ‘புலி’ என்று தேடினால், சுங்கம் வாங்கிப் பொதிமூட்டைக்குப் புலி முத்திரை இடும் வரிகள் வந்து நிற்கும். உரை இருக்காது, மூலம் மட்டும்தான். ஆசிரியரோ அகராதியோ பக்கத்தில் வேண்டும்.

கீழடிக்கு யூடியூப் பக்கமே போகாதீர்கள். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையை எடுங்கள். தமிழிலும் உண்டு, படங்களோடு எளிய நடையில் இருக்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரி மாதிரிக்குத்தான் கி.மு. 580 என்ற காலம் கிடைத்தது என்பதை அதில் காணலாம். 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205ஐச் சேர்ந்தது. செய்திகள் எல்லாப் பொருளையும் ‘2,600 ஆண்டு பழமை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. எந்த ஆழம், எந்த அடுக்கு என்று கேட்கப் பழகும் மாணவருக்கு அகழாய்வு என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விடுதலைப் போராட்டத்துக்குக் காந்தி மரபுத் தளம் சிறந்தது. சபர்மதி ஆசிரமத்தின் இந்தத் தளத்தில் காந்தியின் தொகுப்பு நூல்கள் 100 தொகுதியும் பக்கம் பக்கமாக உள்ளன. அந்தப் பெருந்தொகுப்பின் தலைமைப் பதிப்பாசிரியராகப் பல்லாண்டு இருந்தவர் தமிழரான கே. சுவாமிநாதன். வேறு தளங்களில் 98 தொகுதி கொண்ட மின்பதிப்பு கிடைக்கும். அதில் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மாறும் என்பதால் இரண்டையும் கலந்து குறிப்பெழுதினால் பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தைப் பற்றி நம் பள்ளிகளில் யாரும் சொல்வதில்லை. பழைய செய்தித்தாள்களை இலவசமாகச் சொல் வாரியாகத் தேடலாம். காலத்தை 1930 மார்ச் முதல் மே வரை என்று சுருக்கி உப்புச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள்: அன்று தந்தியில் போன செய்தி எப்படி அச்சானது, பிரிட்டிஷ் பேரரசின் பத்திரிகை எந்தச் சொல்லால் காந்தியைக் குறித்தது என்று தெரியும். ஒரே நிகழ்ச்சி இரண்டு பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பக்கத்தின் ஓரத்தில் வரும் தட்டச்சு வடிவம் கணினி படித்தது. பெயர்கள் சிதைந்திருக்கும், படத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

10ஆம் வகுப்பின் முதல் நான்கு வரலாற்று அலகுகளும் உலகப்போர்களைச் சுற்றியவை. ‘வெர்சாய் உடன்படிக்கையின் சரத்துகள்’ என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் திட்டத்தில் மூல வாசகத்தையே பார்க்கலாம். 440 சரத்துகள், போருக்குப் பொறுப்பு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் என்று சொல்லும் 231ஆவதை மட்டும் படித்தால் போதும், அடுத்த அலகில் ஹிட்லர் ஏன் எழுந்தார் என்பது விளங்கும். ஆங்கிலம் கடினம், ஆசிரியர் ஒரு சரத்தை மொழிபெயர்த்துக் கொடுப்பது நல்லது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இறந்த வீரர்களைப் பெயர், படைப்பிரிவு வாரியாகத் தேடலாம். பிரான்சின் நூவ் ஷபேல் நினைவுச்சின்னத்தில் மட்டும் 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள். ஆசிரியர்களுக்கு: ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய, இரண்டு மூன்று ஆவணங்களை ஒப்பிட்டுக் கேள்வி கேட்கும் பாடத்திட்டங்கள் பதிவு செய்தால் இலவசம். அமெரிக்க வரலாறே அதிகம் என்பதால் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆவணத்தை மாற்றுங்கள்.

குடிமையியலில் அடிக்கடி நடக்கும் தவறு பழைய தகவல். அடிப்படை உரிமைகள் ஏழு என்று எழுதியிருக்கும் பக்கம் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்துக்கு முந்தைய கணக்கை நகலெடுத்தது. சொத்துரிமை அப்போது அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. முகவுரையில் ‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’ இல்லாத படம் வந்தால் அது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்கு முந்தைய மூல வடிவம். தவறில்லை, ஆனால் இன்றைய முகவுரை அதுவல்ல. அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்கள் 1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி 24 வரை முழுவதும் இணையத்தில் உள்ளன. தேதியையோ பேசியவர் பெயரையோ கொடுத்துத் தேடலாம். 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசியதை எடுத்துப் பாருங்கள்: வரைவுக் குழுவின் ஏழு பேரில் பலர் பல காரணங்களால் விலக, சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று அவர் சபையிலேயே சொல்கிறார்.

வரைபடத்துக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் மதிப்பெண் விடும் இடமும் இணையம் அதிகம் ஏமாற்றும் இடமும் இதுதான். படத் தேடலில் ‘இந்தியா மேப்’ என்று அடித்து வருவதை அச்சிடக் கூடாது. வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடாகவோ வெட்டுப்பட்டோ இருக்கும். சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் அரசு அங்கீகரித்த அரசியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை எடுங்கள். கையில் இருக்கும் படம் எவ்வளவு பழையது என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்க மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். தெலங்கானா தனியாக இல்லையென்றால் 2014க்கு முந்தையது. லடாக் தனியாக இல்லையென்றால் 2019 அக்டோபர் 31க்கு முந்தையது. தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகப் பிரிந்திருந்தால் 2020 ஜனவரி 26க்கு முந்தையது. இன்று 28 மாநிலம், 8 ஒன்றியப் பகுதி. தமிழ்நாட்டுப் படமானால் 38 மாவட்டத்தையும் எண்ணுங்கள். மயிலாடுதுறை 2020இல் வந்தது, 37 காட்டும் படங்கள் ஏராளம்.

நிலத்தோற்றத்துக்கு இஸ்ரோவின் புவன், கூகுள் எர்த் இரண்டும் பயன்படும். புவனில் இந்திய மாவட்ட எல்லைகளும் நிலப்பயன்பாட்டு அடுக்குகளும் நன்று; பக்கம் திறக்கத்தான் நேரமாகும். கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவியை எடுத்து சபர்மதியிலிருந்து தண்டிக்கு நேர்கோடு போட்டால் காந்தியின் உப்பு யாத்திரைத் தூரமான சுமார் 385 கி.மீ.யைவிடக் குறைவாக வரும். ஏன் என்று கேளுங்கள்: ஊர் ஊராக வளைந்து போனார்கள். அதேபோல 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் படையைத் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யம் வரை புள்ளி வைத்து இணைத்தால், காவிரிப் படுகையின் வரைபடமும் மனதில் பதிந்துவிடும்.

எண்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.33% என்றும் 80.09% என்றும் இரண்டு எண் உலவுகிறது. முதலாவது தற்காலிக முடிவு, இரண்டாவது இறுதி. பாலின விகிதமும் அப்படித்தான், 995 தற்காலிகம், 996 இறுதி. மக்கள்தொகையின் இறுதி எண் 7,21,47,030. அட்டவணையின் தலைப்பில் எந்த முடிவு என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லை வாசிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள். தென்காசி, கள்ளக்குறிச்சி போன்றவற்றைத் தேடினால் மாவட்டமாகக் கிடைக்காது. அப்போது 32 மாவட்டம்தான். தாய் மாவட்டத்தின் வட்டங்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் தமிழ்வழி படிப்பவர்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் வரலாற்றுப் பாடநூல்கள் தமிழில் பிடிஎஃப் ஆக உள்ளன. இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள். இவற்றோடு 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈழத்துப் பழைய நூல்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் அவ்வளவு அக்கறையோடு வகைப்படுத்தப்பட்ட இன்னொரு தமிழ்க் களஞ்சியம் இல்லை. தமிழ்நாட்டு மாணவரும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவை ஒதுக்க வேண்டாம். கட்டுரையைவிட அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலே அதில் மதிப்பானது. மேற்கோள் எண் இல்லாத ஆண்டை எடுக்காதீர்கள். ஏஐ உரையாடல் செயலிகளிடம் ஆண்டும் எண்ணும் கேட்பது ஆபத்து. 919, 921 இரண்டையும் கலந்து ஒரே கல்வெட்டாக்கி உறுதியாகச் சொல்லிவிடும். பாடநூல் பக்கத்தைக் கொடுத்து, “இதிலிருந்து மட்டும் பத்து ஒரு மதிப்பெண் கேள்வி கேள்” என்று வேலை வாங்கினால் நன்றாகச் செய்யும்.

ஒரு அலகுக்கு இவ்வளவையும் திறக்கத் தேவையில்லை. முதலில் பாடநூல். அதில் ஆண்டோ எண்ணோ இடமோ வரும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, அவற்றில் இரண்டே இரண்டை எடுத்து மூலத்தில் தேடுங்கள், அரை மணி நேரம் போதும். கிடைத்ததைத் தொகுதி எண், பக்க எண், பார்த்த தேதி மூன்றோடும் நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். தளம் முகவரி மாறினாலும் நூலின் தொகுதி எண் மாறாது. வரைபடம் அச்சிடும்போது பிரவுசரில் நேரடியாக அடிக்காமல் கோப்பை இறக்கி, ‘தாளுக்கு ஏற்பப் பொருத்து’ என்ற தேர்வை வைத்து ஏ4இல் எடுங்கள். இல்லாவிட்டால் தெற்கே கன்னியாகுமரியும் கிழக்கே அந்தமானும் ஓரத்தில் வெட்டுப்படும்.